ஊரடங்கு வந்தது, ஊர் அடங்கியதா?

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. அன்று தொடங்கி, 2021 ஒக்டோபர் முதலாம் திகதி அதிகாலை 4 மணிக்குத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு நீக்கப்படும் வரையான ஒன்றரை வருட காலத்தில் நாம் பல பெயர்களில் வீட்டுக்குள் இருத்தப்பட்டோம். ஊரடங்குச் சட்டம், முடக்கப்பட்ட பிரதேசம், மாகாணங்களுக்கிடையிலான பயணத் தடை, பயணக் கட்டுப்பாடு, தனிமைப்படுத்தல் ஊரடங்கு என்று பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை. யன்னலால் வீதியைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள்: "நாங்கள் மட்டும் ஏன் அடங்கிக் கிடக்க வேண்டும்?"

தொலைபேசியில் நலம் விசாரிக்கும் மாமிமாரும், வாட்ஸ்அப் குழுக்களில் படங்களைப் பகிரும் நானாமாரும், பெட்டிக்கடை வாசலில் நின்றபடி கடைக்கு வந்தவர்களைத் திட்டும் பெரியவர்களும் இதே கோபத்தைத்தான் வெவ்வேறு சொற்களில் வெளியிட்டார்கள். சட்டம் இருக்கிறது, ஆனால் யார் மதிக்கிறார்கள்? இந்தக் கோபம் நியாயமானதா? மக்கள் ஏன் விதிகளை மீறினார்கள்? இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யலாம்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரைவாசிக் கட்டுப்பாட்டின் கணக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கடத்துகிறார் என்பதை ஆராய்ச்சியாளர்கள் ஓர் எண்ணால் குறிப்பிடுவார்கள். அந்த எண் ஒன்றுக்கு மேலே இருந்தால் நோய் பெருகும். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் நோய் தேயும். எந்தக் கட்டுப்பாடும் இல்லாதபோது ஒருவர் 3 பேருக்குக் கடத்துகிறார் என்றும், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் செல்ல 5 நாட்கள் ஆகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஊரில் இன்று 100 நோயாளிகள் இருக்கிறார்கள்.

மக்கள் அரைகுறையாக விதிகளைப் பின்பற்றுகிறார்கள். அதனால் தொற்றும் வாய்ப்புகளில் அரைவாசி மட்டுமே குறைகிறது. இப்போது ஒருவர் ஒன்றரைப் பேருக்குக் கடத்துவார். ஒரு மாதத்தில், அதாவது ஆறு சுற்றுகளில், 100 என்பது 1,139 ஆகிவிடும். இதற்குப் பதிலாக நான்கில் மூன்று பங்கு வாய்ப்புகளை நாம் தடுத்திருந்தால் ஒருவர் கடத்துவது முக்காலாக இறங்கியிருக்கும். அதே ஒரு மாதத்தில் 100 என்பது 18 ஆகச் சுருங்கியிருக்கும்.

இது தாளில் போட்ட எளிய கணக்குத்தான். உண்மையான பரவல் இதைவிடச் சிக்கலானது. ஆனாலும் ஒரு முக்கியமான விடயத்தை இது தெளிவாகக் காட்டுகிறது. அரைவாசிக் கட்டுப்பாடு அரைவாசிப் பலனைத் தருவதில்லை. கடைகள் மூடப்பட்டன, கூலி நின்றது, பாடசாலை பூட்டப்பட்டது, திருமணங்கள் தள்ளிப்போயின. இத்தனை விலையையும் நாம் கொடுத்தோம். ஆனால் ஒன்று என்ற எல்லைக்குக் கீழே இறங்காத வரையில் கொடுத்த விலைக்குரிய பொருள் கைக்கு வந்து சேராது. வீட்டுக்குள் இருந்தவர்களின் ஆத்திரத்துக்கு அடிப்படை இதுதான். அவர்கள் செய்த தியாகம் வீணாகிப் போவதை அவர்கள் கண்ணால் கண்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்நோய் உடலில் புகுந்து அறிகுறி காட்டச் சில நாட்கள் செல்லும். சிலருக்கு 14 நாட்கள் வரையும் ஆகலாம். அறிகுறி தோன்றுவதற்கு முன்பே ஒருவர் மற்றவருக்குக் கடத்தவும் முடியும். நெருப்பைத் தொட்டால் உடனே சுடும்; அதனால் குழந்தைகூட மறுமுறை தொடாது. இந்த நோயோ இன்று கைகுலுக்கியதற்கான தண்டனையை இரண்டு வாரம் கழித்து, பெரும்பாலும் வேறொருவருக்குத்தான் கொடுக்கிறது. மீறியவருக்குத் தன் மீறலின் விளைவு தெரிவதே இல்லை. "நான் போய் வந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று அவரால் மனதாரச் சொல்ல முடிகிறது.

கோபம் ஏன் வருகிறது?

பிறர் விதியை மீறும்போது நமக்கு ஏற்படும் கோபம் வெறும் பொறாமை அல்ல. பொருளியலாளர்களான ஏர்ன்ஸ்ட் ஃபெயர், சைமன் கெஷ்டர் ஆகியோர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இது பற்றி நடத்திய பரிசோதனை 2002ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளியானது. நான்கு நான்கு பேராகச் சேர்ந்த மாணவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. அதில் விரும்பிய அளவைப் பொது நிதியில் போடலாம். நிதியின் பலன் போட்டவருக்கும் போடாதவருக்கும் சமமாகக் கிடைக்கும். ஏமாற்றுபவரைத் தண்டிக்க வழி இல்லாதபோது சுற்றுக்குச் சுற்று எல்லோரும் போடும் தொகை குறைந்துகொண்டே போனது. தண்டிக்க வழி கிடைத்தபோது தொகை உயர்ந்தது. தண்டிப்பதற்குத் தங்கள் சொந்தப் பணம் செலவாகும் என்று தெரிந்தும், அதே நபரை மீண்டும் சந்திக்கப் போவதில்லை என்று தெரிந்தும் பலர் அந்தச் செலவைச் செய்தார்கள்.

இதிலிருந்து இரண்டு விடயங்களை விளங்கிக்கொள்ளலாம். பெரும்பாலான மனிதர்கள் மற்றவர்களும் ஒத்துழைக்கும் வரை தாமும் ஒத்துழைப்பார்கள். மற்றவர்கள் ஏமாற்றுவதைக் கண்டால் தாமும் கையை விட்டுவிடுவார்கள். அடுத்தது, ஏமாற்றுபவர் மீது எழும் கோபம் ஒரு சமூகத்தைக் கட்டிக்காக்கும் கயிறுகளில் ஒன்று.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடத்தப்பட்ட இன்னொரு ஆய்வு 2008இல் சயன்ஸ் இதழில் வெளியானது. சைக்கிள்கள் நிறுத்தும் ஓர் ஒழுங்கையில் ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு விளம்பரத் துண்டை ஆய்வாளர்கள் மாட்டிவைத்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 33 வீதமானோர் அந்தத் துண்டை நிலத்தில் வீசினர். தடைசெய்யப்பட்ட கிறுக்கல்கள் சுவரில் இருந்தபோது வீசியவர்கள் 69 வீதமானோர். சுவரில் கிறுக்கியதும் துண்டை வீசியதும் வேறு வேறு குற்றங்கள். ஆனால் ஒரு விதி மீறப்பட்டிருப்பதைக் கண்ட கண், அடுத்த விதியையும் இலேசாக எடுத்துக்கொள்கிறது. முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இறக்கிவிட்டு நிற்கும் ஒருவரைக் கண்டதும் நம் கையும் தானாகவே நம் முகக்கவசத்தைத் தேடிப் போவது இதனால்தான்.

ஏன் மீறினார்கள்?

மீறியவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக மீறவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் நமது கோபம் தவறான வீட்டுக் கதவைத் தட்டும்.

முதற் காரணம் வயிறு. நமது நாட்டில் உழைப்பவர்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் முறைசாராத் துறையில் இருக்கிறார்கள். மேசன், நாட்டாமை, மீன் வியாபாரி, முச்சக்கரவண்டி ஓட்டுநர், வீட்டில் இடியப்பம் அவித்து விற்கும் பெண் ஆகியோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. 2020இல் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் கொடுப்பனவு வழங்கப்பட்டது. 2021 ஓகஸ்டில் தொடங்கிய ஊரடங்கின்போது வருமானம் இழந்தோருக்கு அறிவிக்கப்பட்டது 2,000 ரூபாய். அதே நாட்களில் பால்மாவுக்கும் சீனிக்கும் தட்டுப்பாடு நிலவியது. வீட்டில் இரு என்றது சட்டம். வந்து வரிசையில் நில் என்றது வெறும் பால்மா டின்.

எங்கள் ஒழுங்கையில் முச்சக்கரவண்டி ஓட்டும் நானா ஒருவர் ஊரடங்கு வேளையிலும் இரவில் வண்டியை எடுத்துக்கொண்டு போவார். வாட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி எழுதப்படாத ஏச்சு இல்லை. ஒரு நாள் உம்மா அவருடைய மனைவியுடன் மதிலுக்கு மேலால் கதைத்தபோதுதான் வண்டியின் தவணைக் கட்டணமும் கைக்குழந்தையின் பால்மாவும் பற்றித் தெரிய வந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொல்லி ஓர் உலருணவுப் பொதி அனுப்பப்பட்டது. அந்தப் பொதி தீரும் வரை அவருடைய வண்டி வாசலிலேயே நின்றது. ஏச்சு நிறுத்தாத வண்டியை அரிசியும் பருப்பும் நிறுத்தின.

இரண்டாவது காரணம் குழப்பம். 2021 மே மாதத்தில் தேசிய அடையாள அட்டையின் இறுதி இலக்கத்தை வைத்து வெளியே செல்லும் நாள் தீர்மானிக்கப்பட்டது. பயணக் கட்டுப்பாடு என்றார்கள், ஆனால் வீதியில் வாகனங்கள் ஓடின. அத்தியாவசிய சேவை என்றார்கள், எது அத்தியாவசியம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபட்டது. மே 25ஆம் திகதி ஒரு நாள் மட்டும் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபோது ஊரே கடைகளுக்கு முன்னால் திரண்டது. ஒரு வாரத்துக்கான சனத்தை ஒரு நாளுக்குள் அடைத்தால் இடைவெளி எங்கிருந்து வரும்? அன்று வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் விதிப்படியே வெளியே வந்திருந்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் களைப்பு. முதல் ஊரடங்கில் முற்றத்தில் மரவள்ளி நட்டவர்கள், மூன்றாவது ஊரடங்கில் வேலியைத் தாண்டினார்கள். உலக சுகாதார நிறுவனமே 2020இன் பிற்பகுதியில் மக்களின் பெருந்தொற்றுக் களைப்பைப் பற்றி எச்சரித்தது. நீண்ட காலம் பயந்துகொண்டே இருக்க மனித மனத்தால் முடியாது.

நான்காவது காரணம் அவநம்பிக்கை. இதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரை முழுமை பெறாது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்கள் கட்டாயம் தகனம் செய்யப்பட வேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அனுமதித்திருந்தும் 2021 பெப்ரவரி இறுதி வரை அந்த நிலை நீடித்தது. மார்ச் 5ஆம் திகதிதான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. இடைப்பட்ட மாதங்களில் காய்ச்சல் வந்த ஒரு முதியவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல ஒரு குடும்பம் தயங்கியிருந்தால், அந்தத் தயக்கத்துக்கு அறியாமை என்று பெயர் வைக்க முடியுமா? பயத்தினால் நோயை மறைக்கும் வீடு நோயைப் பரப்பும் வீடாகவும் மாறிவிடுகிறது. சுகாதார விதி எதுவானாலும் அது நம்பிக்கை என்ற நிலத்தில்தான் முளைக்கும்.

எந்தத் தேவையும் இல்லாமல் மீறியவர்களும் இருந்தார்கள். பயணக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கொழும்பின் ஆடம்பர ஹோட்டலொன்றில் நடந்த பிறந்தநாள் விருந்தைப் பற்றி நாடே பேசியது. அதே நாட்களில் கூலி வேலை தேடிச் சென்றவரும் சட்டத்தின் பார்வையில் அதே குற்றவாளிதான். ஆனால் நம் மனச்சாட்சியின் தராசில் இருவரும் ஒரே தட்டில் நிற்க மாட்டார்கள்.

மேலிருந்து வரும் முன்மாதிரி

நியூசிலாந்தில் 2020 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் டேவிட் கிளார்க், முடக்க காலத்தில் தன் குடும்பத்தை 20 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கடற்கரைக்கு அழைத்துச் சென்றதை ஒப்புக்கொண்டார். பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் அவரை அமைச்சரவைத் தரவரிசையின் கடைசி இடத்துக்கு இறக்கினார். நோர்வேயில் 2021 ஏப்ரலில், தன் 60ஆவது பிறந்தநாளையொட்டி அனுமதித்த எண்ணிக்கைக்கு மேற்பட்டோருடன் குடும்ப ஒன்றுகூடலை ஏற்பாடு செய்த பிரதமர் ஏர்னா சூல்பர்கிற்கு அந்நாட்டுப் பொலிஸார் 20,000 குரோனர் தண்டம் விதித்தனர். அவர் மக்களிடம் மன்னிப்புக் கோரினார்.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. பிரதமரின் பிரதான ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் முடக்க காலத்தில் இலண்டனிலிருந்து டர்ஹம் வரை குடும்பத்துடன் பயணம் செய்தது 2020 மே மாதத்தில் வெளியானது. அவர் பதவி விலகவில்லை. பிரதமர் அவருக்கு ஆதரவாகவே பேசினார். அந்தச் சம்பவத்தின் பின் இங்கிலாந்து மக்கள் அரசின் மீது வைத்திருந்த நம்பிக்கை சட்டென்று சரிந்ததை லான்செட் இதழில் வெளியான ஆய்வொன்று காட்டியது.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2021 செப்டெம்பர் 17ஆம் திகதி, தனிமைப்படுத்தல் ஊரடங்கு நடைமுறையில் இருந்தபோதே மதுபானக் கடைகள் திறக்கப்பட்டன. அவற்றின் முன்னால் நீண்ட வரிசைகள் நின்றன. பாடசாலைகளும் வழிபாட்டிடங்களும் மூடியிருந்த வேளையில் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு பிள்ளைக்கு, விதி என்றால் என்னவென்று எந்த ஆசிரியையால் விளக்க முடியும்?

கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல் நாம் சிறுவயதிலிருந்தே கேட்டுவருவது. கலீபா உமர் (ரழி) அவர்கள் ஷாம் நோக்கிச் சென்றபோது அங்கு கொள்ளை நோய் பரவியிருந்த செய்தி எட்டியது. அவர்கள் பாதிவழியிலேயே மதீனாவுக்குத் திரும்பினார்கள். இதில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு பாடம் உண்டு. அந்த விதியின் முன்னால் முதலில் திரும்பி நடந்தவர் நாட்டின் தலைவர்.

தண்டனை மட்டும் போதுமா?

நமது தனிமைப்படுத்தல் சட்டம் 1897ஆம் ஆண்டில், பிரித்தானியர் காலத்தில் இயற்றப்பட்டது. 2020 ஒக்டோபரில் அதன் கீழ் புதிய ஒழுங்குவிதிகள் வெளியாகின. முகக்கவசம் அணியாவிட்டாலோ ஒரு மீற்றர் இடைவெளி பேணாவிட்டாலோ 10,000 ரூபாய் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம் என்றாயிற்று. முதல் ஊரடங்கின்போது மாத்திரம் 60,000க்கும் மேற்பட்டோர் கைதாகியிருந்தனர். தண்டனை தேவைதான், சூரிச் பரிசோதனையும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பரிசோதனையில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோர் கையிலும் ஒரே அளவு பணமும் இருந்தது. வாழ்க்கையில் அப்படி இல்லை.

அளவு மீறிய தண்டனை நம்பிக்கையை மேலும் உடைக்கும். 2021 ஜூனில் ஏறாவூரில், கட்டுப்பாட்டை மீறியதாகச் சொல்லப்பட்ட சிலர் கைகளை உயர்த்தியபடி வீதியில் முழந்தாளிட வைக்கப்பட்ட படங்கள் வெளியாகின. இராணுவமே அது பற்றி விசாரணை நடத்த நேர்ந்தது. அவமானப்படுத்தப்பட்ட மனிதர் அடுத்த தடவை விதியை மதிக்கக் கற்றுக்கொள்வதில்லை. மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறார்.

கீழ்த்தட்டுக்குத் தண்ணீர்

கப்பல் பயணிகளைப் பற்றிய நபிமொழியை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஒரு கப்பலில் சிலருக்கு மேல்தட்டும் சிலருக்குக் கீழ்த்தட்டும் கிடைக்கிறது. கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே போக வேண்டும். மேலே உள்ளவர்களுக்குத் தொந்தரவு கொடுப்பானேன் என்று எண்ணி, தமது பகுதியிலேயே ஒரு துளை போட நினைக்கிறார்கள். அவர்களைத் தடுக்காமல் விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள்.

தடுக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இந்த உவமையை நாம் பெரும்பாலும் எடுத்துக்காட்டுகிறோம். அது சரிதான். ஆனால் அந்தக் கீழ்த்தட்டுப் பயணிகளையும் ஒரு கணம் பார்ப்போம். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கப்பலைக் கவிழ்க்க அவர்கள் விரும்பவில்லை. மற்றவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுகூட நினைத்தார்கள். அவர்களுக்குத் தாகம் இருந்தது, தண்ணீர் மேலே இருந்தது. கையைப் பிடித்துத் தடுத்துவிட்டுத் தண்ணீர் கொடுக்காமல் போனால், இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் அந்தத் துளை போடப்பட்டே தீரும்.

ஆகவே நமது கோபத்தைக் கைவிடத் தேவையில்லை. அது யாரை நோக்கித் திரும்ப வேண்டும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். தாகத்தால் துளை போடுபவருக்குத் தண்ணீர் தேவை. விளையாட்டுக்காகத் துளை போடுபவருக்குத் தண்டனை தேவை. விதியை எழுதியவரே துளை போட்டால் எல்லோருக்கும் முதலில் அவரிடமே கேள்வி கேட்க வேண்டும். இவை எதையும் செய்யாமல், ஒரு மதத்தவரோ ஒரு ஊரவரோதான் நோயைப் பரப்புகிறார்கள் என்று முகநூலில் எழுதுவது கோபத்தை விரயமாக்குவது. வைரஸ் அடையாள அட்டையைப் பார்த்துத் தொற்றுவதில்லை. அப்படிப்பட்ட பேச்சுக்கு இலக்காகி வேதனைப்பட்ட நாம், அதே பேச்சை இன்னொருவர் மீது ஒருபோதும் திருப்பக்கூடாது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முகக்கவசத்தைப் பொலிஸைக் கண்டால் மட்டும் ஏற்றிவிடும் தந்தையிடமிருந்து பிள்ளை சுகாதாரத்தைக் கற்பதில்லை. பொலிஸுக்குப் பயப்படத்தான் கற்கிறது. தோழியரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை யாரோ ஒருவர் வீதியில் நடமாடும் படம் உங்கள் தொலைபேசிக்கு வந்தால், அதை மற்றவருக்கு அனுப்புவதற்கு முன் அவர் ஏன் வெளியே வந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

2021 ஓகஸ்ட் மாத இறுதியில் நமது நாட்டில் நாளொன்றுக்கு 200க்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த வருட இறுதிக்குள் இழந்த உயிர்கள் 14,000ஐக் கடந்துவிட்டன. அந்த வருடத்தின் உயர்தரப் பரீட்சை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. 2021 நவம்பர் 8ஆம் திகதி நாங்கள் மீண்டும் வகுப்பறைகளுக்குத் திரும்பினோம். இன்னோர் அலை வராது என்று யாராலும் உறுதி கூற முடியாது. வந்தால் மீண்டும் விதிகள் வரும். அன்று ஒவ்வொரு மஹல்லாவிலும் யாருடைய வீட்டில் அன்றாடக் கூலி மட்டுமே வருமானம் என்ற பட்டியல் தயாராக இருக்குமானால், ஊரடங்கு அறிவிக்கப்படும் மாலையிலேயே அந்த வீடுகளுக்கு அரிசி போய்ச் சேருமானால், எந்தப் பொலிஸும் நிற்காத ஒழுங்கையிலும் ஊர் அடங்கும். அந்தப் பட்டியலைத் தயாரிக்க வர்த்தமானி தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும், கதவைத் தட்டிக் கேட்கும் மனமும் போதும்.